ஒரு பாயிண்டுக்கு எட்டுக் காசு

மெக்னெஸ், அக்டோபர் 14

தம்பி ஜவாதுக்கு,

ஸலாம். இனிமேல் நீ போன் பண்ணினால் நான் எடுக்க மாட்டேன். வாட்ஸப்பிலும் உன்னை பிளாக் பண்ணி அடைத்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பு. பத்தொன்பது வருஷமாகத் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறேன். எனக்கென்று இதுவரை ஒன்றும் வந்ததில்லை. தோஹாவிலிருந்து விரைவுத் தபால் ஆறு நாளில் இங்கே வந்துவிடும்.

என்ன தப்பு செய்தோம் என்று நீ தலையைச் சொறிவாய். சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை, நாற்பத்து மூன்று வயதான உன் அக்கா உனக்குப் போன் பண்ணி, "ஜவாத், ஸி புஷைப் என்னைக் கேட்டிருக்கார்டா. நான் சரின்னுட்டேன். நோன்புப் பெருநாள் மூணாம் நாள் கல்யாணம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தம்பி அழுகிறான் போலிருக்கிறது என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் டக் டக்கென்று கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஐயோ அக்கா, பெருநாள் வாரமா? அந்த வாரத்துல பாயிண்டுக்கு சீட்டே விடமாட்டாங்களே! ரெண்டு வாரம் தள்ளி வைக்கக் கூடாதா?" என்றாய். வாழ்த்து கூடச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு நிமிஷம் பேசினாய், நாற்பத்தெட்டும் விமானப் பாயிண்டைப் பற்றி.

மாப்பிள்ளை யார் என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். ஐம்பத்தொரு வயது. மனைவியை இழந்தவர். புது நகரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருக்கிறார். அங்கே நான் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன். மூன்று முறையும் மனிதர் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அது போதும்.

அப்பா இல்லை. வலீயாக என் பக்கத்தில் நின்று, என்னைக் கட்டிக்கொடுக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட நீதான் வேண்டும். வயது வந்த பெண் தன் நிக்காஹ்வில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு நீ தேவையில்லை. எனக்குத் தேவை.

நுஸ்ஹா

*

தோஹா, அக்டோபர் 27

அக்காவுக்கு,

ஸலாம். வாழ்த்துகள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். ஸி புஷைப் நல்லவர்தான். அங்கே இருக்கும் நம் பெரியப்பா மகன் முனீரிடம் விசாரித்தேன்.

தபால்தலை வாங்கப் போன இடத்தில் கவுன்டர்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யாருக்கு சார் கடிதம்?" என்றார். அக்காவுக்கு என்றேன். "போன் இல்லையா அவங்களுக்கு?" என்றார். தபால்தலையை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

பாயிண்ட் என்றாலே நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள். நான் இங்கே வந்த முதல் நாலு வருஷம் ஊருக்கு வர முடியவில்லை, ஞாபகம் இருக்கிறதா? ஒரே அறையில் பதினொரு பேர். எல்லாருடைய மளிகையையும் நான் என் கிரெடிட் கார்டில் வாங்கினேன். அரிசி, எண்ணெய், கோழி, ஹஸனுடைய கண்ணாடி, சமையற்கட்டு மின்விசிறி வரை. அவர்கள் ரொக்கத்தை என் கையில் கொடுத்தார்கள், பாயிண்ட் எனக்குச் சேர்ந்தது. அந்தப் பாயிண்டில்தான் முதல் தடவை வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நீ வாசலில் நின்று, "இவ்ளோ இளைச்சுட்டியேடா" என்றாய். அந்த டிக்கெட் மட்டும் இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அக்கா. ரொக்கமாக வாங்கினால் டிக்கெட் என்ன விலை என்று பார்த்து, அதைப் பாயிண்டால் வகுக்க வேண்டும். ஒரு பாயிண்டுக்கு ஐந்து காசுக்குக் கீழே கிடைத்தால் அது ஏமாளி வேலை. எட்டுக் காசு கிடைத்தால் வாழ்நாள் வாய்ப்பு. பெருநாள் வாரத்தில் எல்லாரும் மோதுவார்கள். ஆனால் ஜனவரி நடுவில் விமானக் கம்பெனி சில சீட்டுகளைச் சத்தமில்லாமல் திறந்துவிடும். அதுவரை கார்டில் உள்ள பாயிண்டைக் கம்பெனிக்கு மாற்றவும் கூடாது. மாற்றினால் திரும்பி வராது. முதலில் சீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மாற்ற வேண்டும். இது தெரியாமல் எத்தனை பேர் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள் தெரியுமா?

கொஞ்சம் பொறு.

ஜவாத்

*

மெக்னெஸ், நவம்பர் 9

ஜவாத்,

இரண்டு பக்கம் படித்தேன். நான் கேட்டது ஒரே கேள்வி. வருவாயா, மாட்டாயா?

உன் கடிதத்தை பதூல் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். அவர் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "இவன் எந்த சீட்டைக் கண்ணால பாக்கணும்ங்கறான்? பொண்ணு பாக்கற மாதிரியில்ல பேசறான்! அதான் இன்னும் கல்யாணம் ஆகாம கெடக்கான்" என்றார்.

ஒரு வரி போதும். பதில் எழுது.

நுஸ்ஹா

*

தோஹா, ஜனவரி 18

அக்கா! அக்கா! அக்கா!

கிடைத்துவிட்டது! இன்று காலை இருபத்தேழாவது மாடியில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, லிஃப்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. சீட்டு திறந்தால் சொல்லு என்று ஒரு செயலியில் சொல்லி வைத்திருந்தேன். இடுப்பு வாரைக் கூட அவிழ்க்காமல், அந்தரத்தில் தொங்கிக்கொண்டே பாயிண்டை மாற்றி டிக்கெட்டைப் போட்டுவிட்டேன். கீழே நின்ற மேற்பார்வையாளர், "ஜவாத், உயிரோட இருக்கியா?" என்று கத்துகிறார். நான் "எட்டுக் காசு! எட்டுக் காசு!" என்று கத்துகிறேன்.

மார்ச் 27 அன்று தோஹாவிலிருந்து காஸாபிளாங்கா, நேர் விமானம். ஏப்ரல் 2 காலை ஏழு நாற்பதுக்குத் திரும்புவது, அதுவும் நேர் விமானம். போக இருபத்தோராயிரத்து ஐந்நூறு, வர இருபத்தோராயிரத்து ஐந்நூறு. ஒரு பாயிண்டுக்கு எட்டுக் காசுக்கும் மேலே. என் வாழ்க்கையில் இப்படி ஒரு டிக்கெட் போட்டதில்லை. ஒரு சின்ன விஷயம், இந்த மாதிரி டிக்கெட்டில் தேதி மாற்றம் கிடையாது. அதனால் என்ன?

நாட்காட்டி பார்த்துத்தான் போட்டேன். மார்ச் 30 பெருநாள். மூன்றாம் நாள் ஏப்ரல் 1. அன்று கல்யாணம். விடிய விடியக் கொண்டாடிவிட்டு, அப்படியே மண்டபத்திலிருந்து விமான நிலையம் போய்விடுவேன். தூங்கவும் வேண்டாம்.

மண்டபத்துக்கும், உனக்கு அலங்காரம் செய்து உடை மாற்றிவிட வரும் நெகாஃபாவுக்கும், பாட்டுக்காரர்களுக்கும் சேர்த்துக் கையிலிருந்த ரொக்கத்தோடு மார்ச் வரைக்கான சம்பளத்தையும் முன்பணமாக வாங்கி இன்று அனுப்பிவிட்டேன். ஏப்ரல் சம்பளம் வரும்வரை நான் வெறும் கை. பரவாயில்லை, டிக்கெட்தான் இருக்கிறதே.

இப்போதாவது சிரி.

ஜவாத்

*

மெக்னெஸ், ஜனவரி 30

ஜவாத்,

பணம் வந்தது. நல்லா இரு. சிரிக்கலாம் என்றுதான் கடிதத்தைப் பிரித்தேன்.

நீ எந்த ஊர் நாட்காட்டியைப் பார்த்தாய்?

டேய், பதினான்கு வருஷம் அந்த ஊரில் இருந்ததில் உனக்கு உன் ஊர்ப் பிறை மறந்துபோச்சா? நம் ஊர்க்காரர்கள் தங்கள் கண்ணால் பிறையைப் பார்த்தால்தான் பெருநாள். உங்கள் வளைகுடாவுக்குப் பெருநாள் வந்து பெரும்பாலும் ஒரு நாள் கழித்துத்தான் நமக்கு வரும். சின்ன வயதில் டிவியில் அவர்கள் புதுச்சட்டை போட்டுத் தொழுவதைப் பார்த்துக்கொண்டே நாம் நோன்போடு உட்கார்ந்திருப்போமே! "அவங்க சாப்டுறாங்க, நமக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று அப்பாவிடம் அடி வாங்கினாயே!

இங்கே பெருநாள் 31 என்றால் மூன்றாம் நாள் ஏப்ரல் 2. என் கல்யாணத்தன்று காலை ஏழு நாற்பதுக்கு நீ வானத்தில் இருப்பாய். மருதாணிக் கையோடு நான் உனக்கு டாட்டா காட்டட்டுமா?

உடனே மாற்று.

நுஸ்ஹா

*

தோஹா, பிப்ரவரி 10

அக்கா,

சரி, அது என் தப்பு. ஆனால் பதறாதே. சில வருஷம் இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் பெருநாள் வந்திருக்கிறது. நான் பழைய வருஷங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன், இல்லாமலில்லை. வானம் தெளிவாக இருந்தால் பிறை தெரியப் போகிறது. இப்போது போய் எட்டுக் காசு டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் ஒரே நாளில் பெருநாள் வந்துவிட்டால் என் வயிறு எரியுமா எரியாதா?

நோன்பு என்றைக்குத் தொடங்குகிறது என்று பார்ப்போம். அதுவரை பொறு.

ஜவாத்

*

மெக்னெஸ், மார்ச் 1

ஜவாத்,

இன்று உங்களுக்கு முதல் நோன்பு. நேற்று இங்கே மொட்டை மாடி மாடியாக ஏறி எல்லாரும் பார்த்தார்கள். தெரியவில்லை. எங்களுக்கு நாளைதான் நோன்பு. நோன்பு திறக்கும் ஹரீரா சூப்புக்குக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

விரலை விட்டு எண்ணு. நாளையிலிருந்து குறைந்தது இருபத்தொன்பது நோன்பு. அதற்கு முன்னால் இங்கே பெருநாள் வர வழியே இல்லை. 31-ஆம் தேதி. பிறை மறுபடியும் ஒளிந்துகொண்டால் ஏப்ரல் 1. என் கல்யாணம் ஏப்ரல் 2, இல்லையென்றால் 3. உன் விமானம் போன பிறகு.

இனி ஒளிந்துகொள்ள உனக்குப் பிறையும் இல்லை. என்ன செய்யப் போகிறாய்?

நுஸ்ஹா

*

தோஹா, மார்ச் 8

அக்காவுக்கு,

மூன்று நாளாக விமானக் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு தடவை இரண்டு மணி நேரம் போனில் காக்க வைத்துப் பாட்டுப் போட்டே கொன்றார்கள். கடைசியில் ஒரு பெண் வந்து, "சார், பெருநாள் வாரம் முழுக்க சாதாரணப் பாயிண்ட் சீட் எதுவும் இல்ல. ஏப்ரல் நாலாம் தேதி ஒரே ஒரு சீட் இருக்கு. தொண்ணூத்து நாலாயிரம் பாயிண்ட் ஆகும்" என்றாள். தொண்ணூற்று நாலாயிரம்! அதே விமானம், அதே சீட், அதே காய்ந்த ரொட்டி. இருபத்தோராயிரத்து ஐந்நூறுக்குப் போட்டதை நாலு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கு என்கிறாள். வகுத்துப் பார்த்தேன். பாயிண்டுக்கு மூன்று காசு கூட வரவில்லை. காசு கொடுத்து வாங்கலாமென்றால் கையில் இருந்ததை எல்லாம் மண்டபத்துக்கு அனுப்பியாகிவிட்டது.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. கல்யாணத்தைப் பெருநாள் இரண்டாம் நாளுக்கு மாற்றினால் என்ன? ஒரு நாள்தானே. பெருநாள் 31 என்றால் ஏப்ரல் 1 இரண்டாம் நாள். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. மண்டபக்காரரிடம் நானே பேசுகிறேன். ஸி புஷைப் தங்கமான மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஜவாத்

*

மெக்னெஸ், மார்ச் 14

ஜவாத்,

நீ சொன்னபடி ஸி புஷைப் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மடித்தார், "உன் தம்பிக்கு உன்மேல பாசம் இருக்கு நுஸ்ஹா, வகுத்துப் பாத்துட்டுத்தான் காட்டுவான் போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று நிக்காஹ் எழுதும் அதூல் இரண்டு பேரையும் போய்ப் பார்த்தேன். வலீ என்ற இடத்தில் யார் பெயர் என்று பெரியவர் கேட்டார். யாருமில்லை, நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "தம்பி இருக்கார்னு சொன்னீங்களே அம்மா?" என்றார். இருக்கான், அவனுக்கு விமானம் இருக்கு என்றேன். எழுதிக்கொண்டார். முடிந்தது. கல்யாணம் மூன்றாம் நாள்தான். நீ உன் எட்டுக் காசில் வந்து, பெருநாள் பலகாரம் தின்றுவிட்டு, உன் எட்டுக் காசில் திரும்பிப் போ.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது.

அப்பா இறந்தது விடிகாலை நாலரைக்கு. உனக்கு ஐந்து மணிக்குச் சொன்னேன். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் பண்ணிவிடலாம் என்று பெரியப்பா சொன்னார், பள்ளிவாசல் இமாம் சொன்னார், தெருவே சொன்னது. நான் ஒருத்தி கதவை மறித்து நின்றேன். என் தம்பி வருவான், அவன் முகத்தைப் பார்க்காமல் அப்பாவை எடுக்க விடமாட்டேன் என்று கத்தினேன். இறந்தவரின் மையித்தை இப்படிப் போட்டு வைப்பது பாவம் என்றார்கள். அந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்றேன். மறுநாள் மதியம் லுஹர் தொழுகை வரை தாக்குப்பிடித்தேன். நீ வரவில்லை. எடுத்துவிட்டார்கள். நீ மாலை ஆறரைக்கு வந்தாய். தோஹாவிலிருந்து நேராக வரும் விமானம் அன்று மதியமே இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீ இரண்டு ஊர் சுற்றி, பாயிண்டில் வந்திருக்கிறாய்.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். அப்பா போன மூன்றாம் நாள், ஓதி முடித்து எல்லாருக்கும் கூஸ்கூஸ் சாப்பாடு வைத்தோமே, அப்போது முனீர் உன்னிடம், "டிக்கெட் ரொம்ப ஆச்சாடா?" என்று கேட்டான். நீ, "வெறும் நானூத்தி பத்து ரியால், வரி மட்டும். மத்ததெல்லாம் பாயிண்ட். பாயிண்டுக்கு ஏழரைக் காசு விழுந்துச்சு" என்றாய். நான் அடுப்படியில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

அப்பாவின் சாவிலும் உனக்கு லாபம் கிடைத்தது. என் கல்யாணத்தில் கிடைக்காது. அதனால் வராமலே இரு.

நுஸ்ஹா

*

தோஹா, மார்ச் 21

அக்கா,

நான் வந்து சேர்வதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும் என்று கூடுதல் கட்டணம் கட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு நீ சொன்னதும் நான் விலை பார்க்கவில்லை. நேரம்தான் பார்த்தேன். நேர் விமானம் மதியம் இரண்டரைக்கு. இரண்டு ஊர் மாறிப் போவது காலை ஒன்பது பத்துக்கே கிளம்பியது, நேர் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேரும் என்று போட்டிருந்தான். அதில் மிச்சமிருந்தது பாயிண்ட் சீட் ஒன்றுதான். முதலில் கிளம்புவதில் ஏறினேன், அவ்வளவுதான். இரண்டாவது ஊரில் பனிமூட்டம். அடுத்த விமானம் போய்விட்டது. அங்கே ஒரு பெஞ்சில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். நேர் விமானத்தில் வந்தவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான் என்று மணிக்கு மணி எண்ணிக்கொண்டே இருந்தேன். இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வது? நீ கதவை மறித்து நின்றாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

முனீர் கேட்டபோது அழுதுவிடுவேன் போலிருந்தது. அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்தேன், அந்தக் கணக்குத்தான் வெளியே வந்தது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் அக்கா. நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்று தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. என் கணக்கில் மிச்சமிருந்த பாயிண்ட் அப்பாவுடையது. முப்பது வருஷம் ஃபெஸ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே போன மனிதரை, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிற சீட்டில் ஒரு தடவை இங்கே கூட்டிவர வேண்டும் என்று சேர்த்தேன். போனில் சொன்னபோது, "ஜன்னல் சீட்டாடா? அங்க சில்லறை யார் குடுப்பா?" என்று கேட்டார். மூன்று வருஷம் நல்ல விலைக்குக் காத்திருந்தேன். அவ்வளவு வருஷமும் பாயிண்ட் போதுமான அளவு இருந்தது. ஆறு காசு கிடைத்தது. எட்டுக் கிடைக்கட்டும் என்று இருந்தேன். அப்பா காத்திருக்கவில்லை. அதற்கப்புறம் அதை எதிலாவது மட்டமாகச் செலவு பண்ணக் கை வரவில்லை. தொண்ணூற்று நாலாயிரம் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு வலித்தது அதுதான்.

நேற்று போட்டுவிட்டேன். ஏப்ரல் நாலு. நடு சீட்டு, கடைசி வரிசை, கக்கூஸ் பக்கத்தில். பாயிண்டுக்கு மூன்று காசுக்கும் கீழே. இந்த ஊரில் இதைவிட மட்டமான டிக்கெட்டை ஒருத்தன் போட்டிருக்க மாட்டான். பிறை 30-ஆம் தேதி தெரிந்தாலும் சரி, தெரியாமல் போனாலும் சரி, மூன்றாம் நாள் என்னைத் தாண்டிப் போகாது. அந்த எட்டுக் காசுத் திரும்பும் டிக்கெட்டைக் கிழித்தாயிற்று. அந்தப் பாயிண்டும் போச்சு.

அதூலிடம் நீ சொன்னதை மாற்ற வேண்டாம். உன் கையெழுத்து உன்னுடையதாகவே இருக்கட்டும். நான் ஓரமாக நிற்கிறேன்.

ஜவாத்

*

மெக்னெஸ், ஏப்ரல் 9

தம்பி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். கடைசி வரிசையில் முட்டி இடித்ததா? இடித்திருக்கும், நல்லா இடிக்கட்டும்.

உன் கடிதம் 26-ஆம் தேதி என் கவுன்டருக்கே வந்தது. நானே முத்திரை குத்தி, நானே எடுத்துக்கொண்டேன். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். படித்து முடிக்கும்வரை கவுன்டரை மூடிவிட்டேன். ஒரு கிழவர், "என்னம்மா இது, நோன்பு நேரத்துல நிக்க வெக்கிறியே!" என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ வந்திருந்த ஒரு வாரமும் வீடு நிறைய ஆள். உன்னோடு இரண்டு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. பேச வந்தபோதெல்லாம் நீ நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தாய், இல்லாவிட்டால் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தாய். 30-ஆம் தேதி உன் தோஹாக்காரர்கள் வரிசையாகப் பெருநாள் வாழ்த்து அனுப்ப, நீ நோன்போடு உட்கார்ந்து முழித்ததைப் பார்த்து பதூல் அத்தை அடக்க மாட்டாமல் சிரித்தாரே! அன்று மாலை பிறை தெரிந்ததும் முதலில் மாடியிலிருந்து கத்தியது நீதான். நான் கீழே ஹரீரா கிண்டிக்கொண்டு கேட்டேன்.

அதூலிடம் வலீ என்ற வரியை மாற்றியதை உனக்குச் சொல்லாமல் இருந்தது வேண்டுமென்றேதான். பெரியவர், "பெண்ணின் சார்பில் யார்?" என்று கேட்டபோது நான் உன்னைக் கை காட்டினேன். நீ பின்னால் திரும்பிப் பார்த்தாய், வேறு யாரையோ சொல்கிறேன் என்று. "உன்னத்தான்டா, வா" என்று நான் அதட்டிய பிறகுதான் வந்தாய். என் அக்கா நுஸ்ஹாவைக் கட்டிக்கொடுக்கிறேன் என்று சொல்ல உனக்கு மூன்று தடவை ஆயிற்று. முதல் இரண்டு தடவை குரலே வரவில்லை. ஸி புஷைப் குனிந்துகொண்டு, "அவசரமில்ல மச்சான், என்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாம் மூணாவது தடவைலதான் தேறுவாங்க" என்றாரே, அதற்கப்புறம்தான் நீ சொன்னாய்.

இப்போது நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். பல்லக்கில் என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். உங்கள் மேஜை எனக்கு நேர் எதிரே. முனீர் கோழியைப் பிய்த்துக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஜவாத், இந்தத் தடவை டிக்கெட் என்னடா ஆச்சு? காசு எவ்ளோ விழுந்துச்சு?" என்றான். நெகாஃபா கிரீடத்தைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கையைத் தள்ளிவிட்டு உன்னையே பார்த்தேன்.

நீ ரொட்டியைக் கிழித்து, குழம்பில் தொட்டு, "ஞாபகமில்லடா" என்றாய்.

ஞாபகமில்லையாம்! ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குக் கொடுத்த சில்லறையை இன்றைக்கும் சொல்பவன் நீ. பொய்யனே. அப்பா இருந்திருந்தால் உன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். நான் மேடையில் உட்கார்ந்து அழுததை எல்லாரும் மணப்பெண் அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள். கண்மை வழிந்துவிட்டது என்று நெகாஃபா திட்டினாள்.

வாட்ஸப்பைத் திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை போன் பண்ணு, எடுக்கிறேன். மூன்று காசுக் கதையை முதலிலிருந்து சொல்லு, அந்தப் பாட்டுப் போட்ட பெண்ணையும் சேர்த்து. நாற்பத்தெட்டு நிமிஷம் ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா